முடிவு எழுதுகிறவள்

பிப்ரவரி 6, வியாழன்

மதியம் பட்டாணி சூப், பிறகு ஜாம் தடவிய பான்கேக். இந்த நாட்டில் வியாழக்கிழமைக்கு வேறென்ன கிடைக்கும். சூப்பைக் கலக்கிக்கொண்டே தோர்கெல் சொன்னான், நம் புது கம்ப்யூட்டர் விளையாட்டு ஐம்பது மணி நேரம் ஓட வேண்டுமாம். "அம்பதுக்குக் கீழ போனா எவனும் சீண்டமாட்டான்." அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

காலையில்தான் போன விளையாட்டைப் பற்றிய விவரம் வந்திருந்தது. வாங்கியவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் கடைசிக் காட்சிவரை போயிருக்கிறார்கள். மற்றவர்கள் காட்டுக்குள் எங்கேயோ காளான் பொறுக்கி அலுத்துப்போய், அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்தக் கம்பெனியில் கதை எழுதுகிறவள் நான். இந்த வடக்கத்தி ஊர் ஊமெயோவில், ஆற்றைப் பார்த்த ஒரு மாடி அறையில், தோர்கெலும் நானும் ஆளுக்கொரு நாற்காலி கொண்டுவந்து போட்டுத் தொடங்கியது இது. பதினேழு வருஷம் ஆகிறது. ஐந்து விளையாட்டு, ஐந்து முடிவு. எனக்கு நன்றாக வருவது முடிவுதான். தொடக்கத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். முடிவு எழுத என்னை விட்டால் இந்த நாட்டில் ஆளில்லை என்றே நினைக்கிறேன். வெளியே சொன்னால் சாகும்வரை கேலி செய்வார்கள். இங்கே தன்னைப் பற்றி ஒருத்தி அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. டைரியில் சொல்லிக்கொள்கிறேன்.

நூற்றுக்கு ஒன்பது!

பிப்ரவரி 11, செவ்வாய்

பனிப்புயல். பஸ் இல்லை. வீட்டிலிருந்தே வேலை என்று பெயர். நாள் முழுக்கக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நீளமாக இருந்தால்தான் நல்ல விளையாட்டு என்று யார் சொன்னது? முந்நூறு மணி நேரம் ஆடினேன் என்று ஒருவன் நெஞ்சை நிமிர்த்துகிறான். என் அத்தை பின்னல் வேலைக்கு அவ்வளவு நேரம் செலவழித்தாள், அவளுக்குக் கடைசியில் ஒரு ஸ்வெட்டராவது மிஞ்சியது. இருபது இறகு பொறுக்கு, முப்பது தோல் சேர், நாற்பது காளானைக் கொண்டுபோய்க் கொடு — இதற்குப் பெயர் விளையாட்டா? வீட்டு வேலை. அதையே அவன் அம்மா சொன்னால் கதவை அறைந்து சாத்திக்கொள்வான்.

அப்புறம் அந்த வீரர்கள். கஷ்டமான நிலையில் ஜெயித்தவன்தான் உண்மையான ஆட்டக்காரனாம், மற்றவர்களெல்லாம் சும்மாவாம். ஒரே பூதத்திடம் நாற்பது தடவை செத்து, அடுத்த தடவை அதைக் கொன்றதில் என்ன வீரம்? அந்தப் பூதத்தின் பொறுமையைத்தான் பாராட்ட வேண்டும். நான் எப்போதும் சுலபமான நிலையில்தான் ஆடுவேன். கதை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பழைய விளையாட்டு மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். பழையதில் பாதி குப்பை. அப்போது நமக்குப் பதினொரு வயசு, அவ்வளவுதான் விஷயம்.

போன வருஷம் இதில் கால்வாசியை இணையத்தில் ஓரிடத்தில் எழுதிப் போட்டேன். சாயங்காலத்துக்குள் வசவு வந்து குவிந்தது. பெண் பெயரைப் பார்த்துவிட்டால் இவர்களுக்குக் கை இன்னும் வேகமாக ஓடும். ஒருவன் என்னைச் சமையல் விளையாட்டு செய்யப் போகச் சொன்னான். செய்வேன்டா. அதையும் நீ பாதியில்தான் விடுவாய்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஊரே க்ரீம் பன் தின்கிற நாள். இங்கெலா இரண்டு பன் வாங்கிவந்து என் அறைக் கதவைச் சாத்தினாள். எங்கள் விளையாட்டில் மனிதர்களை நடக்க வைப்பவள், அழ வைப்பவள் அவள்தான். மூக்கில் க்ரீம் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை.

நூற்றுக்கு ஒன்பது அவளையும் குடைந்திருக்கிறது. போன விளையாட்டின் முடிவில் ஒரு கிழவர் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்ப்பார். அந்த ஒரு காட்சிக்காக நாலு மாதம் உழைத்தாள்.

"அது எங்கம்மா விரல் ரக்னா. ஆஸ்பத்திரில பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து வரைஞ்சது. யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"நீயும் நானும். நம்ம ரெண்டு பேருக்குத்தான்னா ஒரு போட்டோ போதுமே. எதுக்கு நாலு மாசம்?"

பன்னைத் தின்றேன்.

புது விளையாட்டின் முடிவை எழுதி முடித்துவிட்டேன். அந்தக் காலத்தில் நம் கரையிலிருந்து பின்லாந்துக்கு, உறைந்த கடலின் மேல் படகை இழுத்துக்கொண்டு தபால் கொண்டுபோனார்களே, அந்தக் கதை. தபால்காரி ஸிக்னெ. கூட இழுப்பவன் ஆரோன். வழியில் தீவு தீவாகத் தங்கிப் போக வேண்டும். கடைசித் தீவில் ஆரோனுக்குக் கால் உடைகிறது. அவனைக் குடிசையில் விட்டுவிட்டு அவள் மட்டும் அக்கரை போய்ச் சேர்கிறாள். தபாலைக் கொடுக்கிறாள். சூடாக சூப் வைக்கிறார்கள். தொடாமல் எழுந்து, திரும்பப் பனிக்குள் நடக்கிறாள். அவளை நடத்திக்கொண்டு போவது ஆடுகிறவரின் விரல்தான். புள்ளியாகும்வரை நடக்கிறாள். அதோடு முடிந்தது. ஆரோன் இருக்கிறானா, போய்விட்டானா, காட்டமாட்டோம்.

நான் எழுதியதிலேயே ஆகச் சிறந்தது இதுதான். சத்தியமாக.

ஆனால் தோர்கெல் திட்டத்தில் ஒன்பது தீவு. ஒன்பது தீவையும் தாண்டி இதைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

ஏப்ரல் 30, புதன்

வசந்தம் வந்ததென்று ஆற்றங்கரையில் தீ மூட்டினார்கள். மேலே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது வேண்டாம். மூன்று தீவு போதும்.

ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன்!

எல்லோரும் இருந்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். மூன்று தீவு, எட்டு மணி நேரம். ஒரு வார இறுதியில் தொடங்கி முடித்துவிடலாம், முடிவைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். முழுதாக இருபது நிமிஷம் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தோர்கெல், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான். ஜன்னலைப் பார்த்தார்கள். தீவுகளைக் கட்டுகிற ஸ்வான்டெ பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். "சரி, அப்ப காப்பி" என்றான் தோர்கெல். எழுந்து போனோம்.

அப்படியென்றால் சரி என்றுதானே அர்த்தம்?

ஜூன் 27, வெள்ளி

எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிட்டேன்: போன வாரம் புதன்கிழமை பேசியபடி ஆறு தீவுகளை எடுத்துவிடுகிறேன், மறுப்பு இருந்தால் அடுத்த வெள்ளிக்குள் சொல்லவும். மூன்று மணிக்கு அனுப்பினேன். நாலு மணிக்கு அலுவலகமே காலி. கோடை விடுமுறை. எனக்கு ஆகஸ்ட் நடுவில்தான்.

ஜூலை 4, வெள்ளி

ஒரு மறுப்பும் இல்லை! ஒரு வரிகூட வரவில்லை. இவர்களைப் பற்றி நான் தப்பாக நினைத்திருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

வெட்டி முடித்தாயிற்று. கதையை மறுபடி தைத்து, வசனத்தை மாற்றி எழுதி, ஸிக்னெவுக்குக் குரல் கொடுக்கும் நடிகையை வரவழைத்துப் பதிவும் முடித்துவிட்டேன். அவளுக்கு ஜூலையில்தான் ஓய்வு. இலையுதிர் காலம் வந்தால் நாடகத்துக்குப் போய்விடுவாள், பிறகு பிடிக்க முடியாது. காலியான அலுவலகத்தில் தன்னந்தனியாக, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை. இன்று தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஆடிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடத் தொய்யவில்லை. இதைச் செய்தது நான். நான்!

ஆகஸ்ட் 4, திங்கள்

எல்லோரும் வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். காலை பத்து மணிவரை நன்றாகத்தான் போனது. பத்து மணிக்கு ஸ்வான்டெ என் அறை வாசலில் வந்து நின்றான்.

"என் தீவெல்லாம் எங்கங்க?"

"மூணு இருக்கே. மீதியை எடுத்துட்டோம். பேசினோமே ஸ்வான்டெ, ஜூன் மாசம்?"

"நீங்க பேசினீங்க. நாங்க ஒண்ணும் சொல்லலையே."

"அதான். ஒண்ணும் சொல்லலை."

"பிடிக்கலன்னுதான் சொல்லலை."

அப்புறம் எழுதி அனுப்பினேனே என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை! விடுமுறையில் அலுவலக மின்னஞ்சலைத் திறக்கிற ஆள் எவன் என்று கேட்கிற பார்வை. படகில் சுற்றப் போகும்போது போனையே மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

இரண்டு வருஷம் அவன் கட்டியது அது. ஒவ்வொரு பாறையின் வடக்குப் பக்கத்திலும் பாசி வைத்திருந்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்.

ஒருத்தர் முகம் குடுத்துப் பேசல. கத்தினாலாவது பரவால்ல. கத்தமாட்டாங்க. நான் காப்பி அறைக்குள்ள போனா அவங்கவங்க கோப்பையைக் கழுவி வச்சிட்டு வெளிய போறாங்க, மூஞ்சியையே பாக்காம. இங்கெலா மட்டும் தோளைத் தொட்டுட்டுப் போனா. தோர்கெல் இன்னும் விடுமுறைல. வெள்ளிக்கிழமை வருவான்.

நான் இந்த ஊர்லயே பொறந்து வளந்தவதானே? பேசாம இருந்தா சரின்னு அர்த்தமில்லைன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு வேணுங்கறதை நான் கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் — முகம் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன் — விளையாட்டு நன்றாக இருக்கிறது. ஸ்வான்டெயிடம் மன்னிப்புக் கேட்பேன். மூன்று தீவுக்காகக் கேட்கமாட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தோர்கெல் வந்தான். கூட்டம்.

"நடிகை போயாச்சு. வசனம் புதுசு. பழையபடி தைக்கணும்னா ஒரு வருஷம் ஆகும்" என்றான். "ரக்னா, நீ என்ன நினைச்சுக்கிட்டு இதைப் பண்ணின?"

கேள்விக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக நான் ஒரு கேள்வி கேட்டேன். "போன விளையாட்டோட முடிவை, ஆடிப் போய்ப் பாத்தவங்க கையைத் தூக்குங்க."

இங்கெலா கை தூக்கினாள். நான் தூக்கினேன். மற்ற பத்துப் பேரும் சும்மா இருந்தார்கள்.

"நம்மதுதான? நாம பண்ணினதுதான?"

தோர்கெல் காது சிவந்துவிட்டது. "எனக்கு நேரம் எங்க இருக்கு?"

"அதையேதான் நானும் சொல்றேன்."

ஸ்வான்டெதான் வாயைத் திறந்தான். "நானும் பாக்கலை. இருபது மணி நேரம் ஆடினேன். காளான் வந்த இடத்துல விட்டுட்டேன்." என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னான். "அவங்க பண்ணின விதம் தப்பு. எனக்கு இன்னும் ஆறலை. ஆனா சொன்னது தப்பில்லை."

கடைசியில் தோர்கெல் முடிவு சொன்னான். மூன்று தீவோடே வெளியே விடலாம். ஆனால் வெளியீட்டு விழாவில் மேடையேறி, இது யார் வேலை என்று நான்தான் சொல்ல வேண்டும். "நாங்க சேந்து பண்ணினோம்னு சொல்லிக்க முடியாது. மூழ்கினா உன் பேரோட மூழ்கட்டும்."

அதைத் தண்டனையென்று நினைத்துத்தான் சொன்னான். இந்த ஊரில் மேடையில் நின்று 'நான்' என்று சொல்வதைவிடத் துணியில்லாமல் நிற்பது மேல். நான் உடனே சரி என்றேன். அவனுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

செப்டம்பர் 1, திங்கள்

மான் வேட்டை தொடக்கம். அலுவலகத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் காட்டில். வீட்டில் யெர்கெரும் அதிகாலையே ஆரஞ்சுத் தொப்பியோடு கிளம்பிவிட்டான். பன்னிரண்டு வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிற மனிதன், என் விளையாட்டு எதையும் அரைமணிக்குமேல் விழித்திருந்து ஆடியதில்லை. கடமான் வருமென்றால் ஏழு மணி நேரம் இமைக்காமல் உட்காருவான்.

ஸ்வான்டெ வேட்டைக்குப் போவதில்லை. நாங்கள் இரண்டு பேர்தான். போன வாரம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், வாயைத் திறந்து, சுற்றி வளைக்காமல். மூச்சை உள்ளே இழுத்தான். வடக்கத்தியர் 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

இன்று அவனே வந்தான். "ஆரோனை விட்டுட்டுப் போற குடிசை சரியில்லைங்க. நான் அவசரத்துல போட்டது. ஏழாவது தீவுல ஒரு குடிசை இருந்துச்சு, நீங்க தூக்கிட்டீங்க. அதைக் கொண்டாந்து வைக்கட்டுமா?" வைத்தான். தாழ்ந்த கூரை, ஒரே ஜன்னல், உள்ளே கணப்பு. கதவை இழுத்துச் சாத்தும்போது கீழே பனி சுரண்டுகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கே ஆரோனை விட்டுப் போக மனசு வரவில்லை.

இரண்டு வருஷ உழைப்பை வெட்டியவளுக்கு இதைக் கொண்டுவந்து கொடுக்கிறான். அவன் பெயரையும் மேடையில் சொல்வேன்.

அக்டோபர் 23, வியாழன்

சொன்னேன். "ஆறு தீவை வெட்டினது நான். கேக்காமலே வெட்டினேன். எட்டு மணி நேரத்துல முடிஞ்சிடும். கோவம் வந்தா என்னைத் திட்டுங்க. முடிவுல வர்ற குடிசை ஸ்வான்டெ கட்டினது, அந்த நடை இங்கெலாவோடது. எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு."

அரங்கத்தில் யாரோ இருமினார். தோர்கெல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

நாறடிக்கிறார்கள். "ஞாயித்துக்கிழமை தொடங்கினேன், ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுது, ஏமாத்துக்காரங்க." "மீதி விளையாட்டு எங்கடா?" "தன்னால முடியாததைக் கலைன்னு சொல்றா." ஒரு பெரிய பத்திரிகை பத்துக்கு ஐந்து போட்டிருக்கிறது. காரணம் ஒரே வரி: போதாது.

தோர்கெல் இரண்டு நாளாக என் அறைப் பக்கம் வரவில்லை. இந்த ஆட்டம் மூழ்கினால் கம்பெனியும் மூழ்கும், அவன் சொல்ல வேண்டியதில்லை.

மனசு ஆடத்தான் செய்கிறது. பத்துக்கு ஐந்து, பத்துக்கு ஐந்து என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். யெர்கெர் துடைத்துக்கொண்டே, "நான் முடிச்சிட்டேன்" என்றான். எதை என்று கேட்டேன். "உன்னுதை. சனிக்கிழமை நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப." எப்படி இருந்தது? "பரவால்ல" என்றான். துடைத்த தட்டையே மறுபடி எடுத்துத் துடைத்தான். இவன் பரவாயில்லை என்றால் மாலை போட்ட மாதிரி.

நவம்பர் 6, வியாழன்

விவரம் வந்துவிட்டது.

நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர் முடிவைப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கெலா அழுதாள். நான் அழவில்லை. பட்டாணி சூப் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு தோர்கெல் என் அறைக்குள் வந்தான், ஷூவோடு. பனி ஒட்டிய ஷூவோடு உள்ளே வந்துவிட்டான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"செத்துட்டானா?"

"யாரு?"

"நடிக்காத. ஆரோன்."

"நீ முடிச்சியா?"

"இப்பத்தான். கஞ்சி ஆறிப்போச்சு, பஸ்ஸும் போச்சு. அவ ஏன் தனியா போறா? அந்தக் கரையில ஒரு ஊரே இருக்கு. நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கென்ன?"

"கேட்டா வருவாங்களா?"

"வருவாங்க!"

"கேட்டா வாயைத் திறந்து பதில் சொல்ற ஆளுங்களா நாம?"

"அவ தபாலையே குடுத்திருக்கக் கூடாது" என்று வாசலிலிருந்து இங்கெலா கத்தினாள். "குடிசையிலயே இருந்திருக்கணும். நான்தான் அவளை நடக்க வச்சேன், ஒவ்வொரு அடிக்கும் திட்டிக்கிட்டே வச்சேன்!"

"அவன் சாகலை" என்றான் ஸ்வான்டெ. எங்கிருந்து வந்தானோ, முகமெல்லாம் சிவந்திருந்தது. "குடிசைக்குள்ள விறகு வச்சிருக்கேன். மூணு நாள் தாங்கும்."

நான் விறகு வைக்கச் சொல்லவே இல்லை.

"கால் உடைஞ்சவன் எழுந்து எப்படிடா விறகு போடுவான்?" என்றான் கணக்கு எழுதுகிற எமில். ஜூன் கூட்டத்தில் மூச்சுவிடாமல் இருந்த எமில்! தவழ்ந்து போடுவான் என்றார் ஒருவர். அவள் போவதற்குள் இருட்டிவிடும் என்றார் இன்னொருவர். அறைக்குள் பத்துப் பேர். காப்பி நேரம் வந்தது, போனது, யாரும் காப்பி பக்கம் போகவில்லை. இவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து நான் பார்த்ததே இல்லை.

தோர்கெல் என் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினான். "அடுத்த திருத்தத்துல ஒரே ஒரு காட்சி சேத்துடலாம். அவ போறா, கதவைத் திறக்கறா. அவ்வளவுதான். எல்லாரும் கேக்கறாங்க ரக்னா."

"மாட்டேன்."

"எனக்காவது சொல்லு. எனக்கு மட்டும்."

"மாட்டேன்னா மாட்டேன்."

"பதினேழு வருஷப் பழக்கம்!"

"பதினேழு வருஷமா நீ கேக்கவே இல்லையே."

மதியம்வரை போனது சண்டை. ஆரோன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது எனக்குத் தெரியும், பிப்ரவரியிலிருந்தே தெரியும். இங்கேயும் எழுதமாட்டேன்.